பருந்துக்குத் தண்டவாளம் அடித்தவன்

மச்சான்,

பெயிண்ட் வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நம் குன்றின் உச்சியில் ஓர் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். புதிதாக நட்டது, காய்ந்தும் காயாமலும் இருந்தது. அதில் உன்னைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். தொப்பை வைத்த ஒருத்தன் கண் பிதுங்க வானத்தைப் பார்த்துக்கொண்டு தண்டவாளத் துண்டை அடிக்கிறான். மேலே நாலு பருந்துகள் அவனைப் பார்த்துச் சிரிக்கின்றன. ஜப்பான்காரன் காலத்தில் உனக்குத் தொப்பையாம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று விலா எலும்பு தெரிய நடமாடியவர்களுக்குத் தொப்பை போட்டுப் பார்க்க எவனுக்கு மனசு வந்ததோ.

என் பேத்திதான் கூட்டிக்கொண்டு போனாள். ஈப்போவில் வேலை பார்க்கிறாள். ஐப்பசி வந்தால் கூட்டாளிகளோடு மலை ஏறிப் பருந்து எண்ணுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. "தாத்தா, நீங்க இருந்த எஸ்டேட்டுக்கு மேல உள்ள புக்கிட், அந்தக் குன்னுதான். இப்ப ஜீப் போவும்லா, வாங்க" என்றாள். பீடோர் தாண்டி உள்ளே போனால் ரப்பர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. உச்சியில் இளவட்டங்கள் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி, கையில் ஒரு சின்னக் கருவியை டிக் டிக்கென்று அமுக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் பலகை கண்ணில் பட்டது.

மலாயில் எழுதியிருந்தது. போர்க்காலத்தில் இங்கே காவல் நின்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் பருந்துக் கூட்டத்தை எதிரி விமானம் என்று நினைத்து அபாய மணி அடித்தாராம். தோட்டமே ஓடி ஒளிந்ததாம். நீங்களாவது சரியாகப் பார்த்து எண்ணுங்கள் என்று கடைசி வரி.

கைத்தடியால் பலகையில் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

"தாத்தா, என்னா லா இது, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எவன் சொன்னான் இந்தக் கதைய?"

"அந்த எஸ்டேட்டு கிராணியோட மகன்தான். பெரிய ஆளு தாத்தா. போர்டே அவரு செலவுலதான் வச்சது."

கிராணி மகன். நம் ஆள்கணக்கு எழுதிய அந்தக் கிராணியின் மகன்தான் மச்சான். அப்பன் செய்ததற்கு மகன் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறான்.

நம்மை எதற்கு அங்கே நிறுத்தினார்கள் என்று இன்று யாருக்குத் தெரியும். துரை ஓடிப்போன பிறகு தோட்டம் ஜப்பான்காரன் கைக்குப் போனது. வெள்ளைக்காரன் விமானம் திரும்பி வரும் என்று அவனுக்கு உள்ளூர உதறல். லயத்து வீடுகளிலிருந்து உன்னையும் என்னையும் பொறுக்கி எடுத்து, மாறி மாறி வானம் பார்க்கச் சொன்னான். காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடிக்கும் தண்டவாளத் துண்டைக் கழற்றி, நம் தோளிலேயே மலையேற்றி, மரக்கிளையில் கட்டவைத்தான். அது ஒலித்தால் தோட்டத்து ஜனங்கள் போட்டது போட்டபடி ரப்பர் காட்டுக்குள் ஓட வேண்டும். ஜப்பான்காரன் பதுங்கு குழிக்குள் குதிப்பான். கிராணி அவன் பின்னாலேயே குதிப்பார். இதற்கு எத்தனை ஒத்திகை, எத்தனை அறை.

விமானம் எங்கே வந்தது. வந்ததெல்லாம் தூக்கம். தூங்கினால் பூட்ஸ் காலால் உதை. என் முறையில்லாத நாளிலும் நான் உனக்குத் துணையாக மேலே வந்து உட்காருவேன். முதல் வருஷ மழைக்காலத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து பருந்துகள் வரத் தொடங்கின. நீதான் சொன்னாய், "எண்ணுவோம் மச்சான், கண்ணு அசராது." பால் பிடிக்கும் மங்கு ஒன்றை எடுத்து வந்தாய். பத்துப் பருந்துக்கு ஒரு ரப்பர் கொட்டை அதில் விழும்.

வெயில் ஏறியதும் பள்ளத்துச் சூட்டைப் பிடித்துக்கொண்டு அவை சுற்றிச் சுற்றி மேலே வரும். நான் பரபரவென்று எண்ண ஆரம்பிப்பேன், பாதியிலேயே கணக்குக் குழம்பும். உனக்குச் சிரிப்பு.

"சுத்துறப்ப எண்ணாதலா. எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். உச்சிக்குப் போயி ஒவ்வொண்ணா பிரிஞ்சு கெளம்பும் பாரு, அப்ப எண்ணு."

அப்படித்தான் எண்ணினோம். இறக்கையை அசைக்காமல் அவை தெற்கே சிலிம் ரிவர் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். பீடோருக்குப் போகக்கூட நமக்குப் பாஸ் வேண்டியிருந்த காலம். "இதுங்களுக்கு மட்டும் பாஸ் வேணாம் பாரு" என்பாய். ஒரு புள்ளியாகத் தெரியும்போதே பருந்தா, காகமா, வல்லூறா என்று சொல்லிவிடுவாய். நான் இல்லையென்று சண்டை பிடிப்பேன், கிட்டே வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். அந்தக் கண்ணைத்தான் மச்சான், பலகையில் பிதுக்கி வரைந்திருக்கிறார்கள்.

இரண்டாம் வருஷம் சயாம் மரண ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் அரிசி தருகிறோம் என்று கூப்பிட்டு அப்படியே லாரியில் ஏற்றியது நமக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தோம். ஏனென்றால் நம் தோட்டத்தில் வந்தது அரிசிப் பேச்சு இல்லை, துணிப் பேச்சு. அதைச் சொன்னது ஜப்பான்காரனும் இல்லை, நம்ம கிராணி. தீமிதிக்கு நமக்கு முன்னால் நின்று காப்புக் கட்டியவர். "ஆம்பளைங்க எல்லாம் பெரட்டுக் களத்துக்கு வந்துருங்க, ஆளுக்கு ஒரு வேட்டி" என்றார். சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் வேட்டி என்றால் வரமாட்டார்களா. வந்தோம். நானும் வந்தேன்.

நீ மேலே இருந்தாய். பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பும் வளைவு களத்திலிருந்து தெரியாது, குன்றிலிருந்து தெரியும். அந்த வளைவில் காலி லாரிகள் வரிசையாகத் திரும்பியதையும் துப்பாக்கிக்காரர்கள் தொற்றிக்கொண்டு வந்ததையும் நீ பார்த்திருக்கிறாய். அதே நேரம் உன் தலைக்கு மேல் பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன.

தண்டவாளம் அலறியது. களத்தில் இருந்த அத்தனை பேரும் ரப்பருக்குள் ஓடினோம். எங்களைச் சுற்றி நின்ற ஜப்பான்காரர்கள் குழிக்குள், கிராணி அவர்கள் முதுகில். வானத்தில் ஒரு சத்தம் இல்லை. விமானம் வந்தால் உருவம் தெரியுமுன் இரைச்சல் வரும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அதை யோசிக்க யாருக்கு நேரம். லாரிகள் வந்து நின்றபோது களத்தில் ஓட முடியாத நாலைந்து பேர்தான் இருந்தார்கள்.

உன்னை இழுத்து வந்தார்கள். களத்து ஓரத்து மரத்துக்குப் பின்னால் நான் பதுங்கியிருந்தேன். வாயில் ரத்தம் வழிய நீ மண்டி போட்டிருந்தாய். அதிகாரி கத்தினான். கிராணி அதைத் தமிழில் கேட்டார்.

"ஏன்டா, பருந்தப் பாத்தா பிளேனுன்னு நெனச்ச?"

"ஆமாங்கய்யா. எனக்குக் கண்ணு மங்கலுங்க. பயந்துட்டேனுங்க."

கிராணி சிரித்தார். அதிகாரிக்கு மொழிபெயர்த்ததும் அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் உன் தலையை அன்றைக்குக் கழுத்தில் விட்டுவைத்தது. வேண்டுமென்று அடித்தாய் என்று ஒரு துளி சந்தேகம் வந்திருந்தால் உன் அம்மாவையும் சேர்த்து வெட்டியிருப்பான். நீ முட்டாள் வேஷம் போட்டாய், அவர்கள் நம்பினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நம் ஆட்களும் நம்பினார்களே.

வெட்டாமல் உன்னை மட்டும் லாரியில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பினார்கள். அங்கே போய்த் திரும்பிய ஒருத்தன், நீ வாந்திபேதியில் போய்விட்டாய் என்று சொன்னான். எந்த இடம் என்று அவனுக்குத் தெரியவில்லை. சண்டை முடிந்து தண்ணீர்க் குழாயடியில் உன் அம்மாவுக்குக் கிடைத்த பேர் என்ன தெரியுமா? பருந்துக்காரன் ஆத்தா. நான் லயம் லயமாகப் போய் உண்மையைச் சொன்னேன். "கூட்டாளிக்கு நீ அப்படித்தான் சொல்லுவ" என்றார் கிராணி, தொண்டையைச் செருமிக்கொண்டு. மற்றவர்களும் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்கள் யார்? அன்றைக்கு ரப்பருக்குள் ஓடிப் பிழைத்தவர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில், கள்ளுக்கடையில், எங்கே சிரிப்பு வேண்டுமோ அங்கே உன்னை எடுத்துப் பரிமாறினார்கள். வெட்கங்கெட்டவர்கள். உன் அம்மா அந்தக் குழாயடிக்குப் போவதையே நிறுத்திவிட்டு ஆற்றில் தண்ணீர் மொண்டார்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான், ஒளிக்க மாட்டேன். பின்னால் அவ்வளவு பெரிய காடு இருந்ததே, அடித்த கையோடு இறங்கி ஓடியிருக்கலாமே. ஓடியிருந்தால் அம்மாவைப் பிடித்திருப்பார்கள், தெரியும். தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. இன்றைக்கும் பருந்து வருவது நீ போன திசையிலிருந்துதான். பேத்தி எண்ணச் சொன்னாள். நான் எண்ணவில்லை.

இறங்கும்போது ஜீப்பில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுசும் கேட்டாள். பிறகு, "அவரு வேணும்னுதான் அடிச்சாருன்னு உங்களுக்கு எப்படித் தாத்தா நிச்சயமாத் தெரியும்?" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொன்னேன்.

லாரி கிளம்பியதும் நான் மரங்களுக்கிடையே குறுக்கே ஓடி வளைவுக்கு முன்னால் ரோட்டோரம் வந்து நின்றேன். உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பின்பக்கம் கை கட்டி நீ உட்கார்ந்திருந்தாய். உன்னைச் சுற்றி லாரி காலியாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் நீ அழவில்லை, சிரிக்கவில்லை. உன் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"லாரில இன்னும் எடம் இருக்குலா, நாயே. ரப்பருக்குள்ள ஓடு."

ஓடினேன். கல்யாணம், பிள்ளைகள், இந்தப் பேத்தி, எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நீ கடைசியாகப் பேசியது என்னைத் திட்டியதுதான். ஊர் உன்னை என்ன சொல்லிச் சிரித்தாலும் சரி, அந்தத் திட்டு என்னுடையது மச்சான்.