ஏழறை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சொன்ன பேச்சுக் கேட்கிறார்கள். நீ இன்னும் பணிமனையில் பஸ்களுக்கு பிரேக் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாயா, இல்லை மேற்பார்வை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்களா? மூன்று மாதமாக ஒரு வரி இல்லை. வேலை அதிகம் என்று மட்டும் சொல்லாதே, உன் வீட்டுக்காரி எல்லாம் சொல்லிவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நூலகத்தில் இந்த வருடம் நூல் தேர்வுக் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். உன் பழைய ராக் குழுவின் வாழ்க்கை வரலாறு ஒன்று வாங்க வேண்டும். வாசகர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். ஒரு பொருளுக்கு ஒரு புத்தகம்தான். அதுவே பன்னிரண்டு கிளைகளுக்கும் போகும், கூடவே எங்கள் மதிப்புரையும் அச்சாகிப் போகும்.

மேசையில் மூன்று கிடக்கின்றன. ஒன்று குண்டு. அறுநூறு பக்கம், எழுதியவர் குழுவின் பரம ரசிகர். இன்னொன்று பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஒரு நிருபர் எழுதியது. மூன்றாவது ஒல்லி. ஓய்வுபெற்ற ஒலிப்பொறியாளர் ஒருவர் எழுதியிருக்கிறார், பாதிக்கு மேல் தேதியும் நேரமும்தான்.

அவர்கள் உலகப் புகழ் பெறுவதற்கு முன் மூன்று வருடம் டிரம்ஸ் அடித்தவன் நீ. மூன்றையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு எது தேறும் என்று சொல். இந்தப் பேச்சை எடுத்தாலே நீ எழுந்து போய்விடுவாய். கடிதத்திலிருந்து எழுந்து போக முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. ஒரு வாரம் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். "பெருக்கும்போது இடிக்குது. ஒண்ணு படிங்க, இல்ல திருப்பி அனுப்புங்க" என்றாள் வீட்டுக்காரி. சாப்பாட்டு இடைவேளையில் பணிமனையிலேயே படித்து முடித்தேன். மூன்றிலும் கிரீஸ் கறை உண்டு, மன்னித்துக்கொள்.

எடுத்ததும் கடைசிப் பக்கத்துப் பெயர் வரிசையில் என்னைத்தான் தேடினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். பாடகரின் புத்தகத்தில் நான் இல்லவே இல்லை. அவர் வீட்டு நாய்க்கு நான்கு பக்கம். ஒல்லிப் புத்தகத்தில் ஒரே வரி: 'முதல் ஒலிப்பதிவு நாளன்று டிரம்மர் வரவில்லை. காரணம் தெரியவில்லை.'

வரவில்லையாம். காலை ஏழரைக்கே போய், நாங்கள் எப்போதும் வாசிக்கும் இரண்டாம் அறை வாசலில், பூட்டைப் பார்த்தபடி ஒன்பதே முக்கால் வரை நின்றவன் நான். ஏழரைக்குத்தானே என்று லீவும் போடவில்லை, பிறகு பத்து மணி ஷிப்டுக்கு ஓடினேன். மறுநாள் பார்த்தால் வேறொருவன் வாசித்து முடித்திருக்கிறான். வேண்டுமென்றே தப்பான நேரம் சொல்லி என்னைக் கழற்றிவிட்டார்கள். முப்பத்தொரு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதை எழுதியிருப்பது குண்டுப் புத்தகம் ஒன்றுதான். அத்தியாயத் தலைப்பே 'சதி'. அந்த ரசிகர் போன வருடம் பணிமனைக்கே தேடி வந்து மூன்று மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். என் மகள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "அப்பா, நீங்க சும்மா கதை விடுறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அக்கா, அவள் என்னைப் பார்த்த பார்வையை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

குண்டையே வாங்கு. இதுவரை உன்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

தம்பி

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. உட்கார்ந்து படி.

முதலில் தீர்ப்பு. குண்டுப் புத்தகம் தேறாது. அதில் ஒரே கச்சேரி இரண்டு வெவ்வேறு வருடங்களில் நடக்கிறது. கிடார்காரர் இருபதாம் பக்கத்தில் இடக்கைக்காரர், இருநூறாம் பக்கத்தில் வலக்கைக்காரர். யார் எதைச் சொன்னாலும் வாங்கி அப்படியே போட்டிருக்கிறார். பாடகருடையது சுயபுராணம். ஒல்லிப் புத்தகத்தை எழுதியவர் மட்டும்தான் தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதியிருக்கிறார். அதைத்தான் தேர்ந்தெடுக்கப் போகிறேன்.

அடுத்ததை எழுதத்தான் நான்கு தாள் கிழிந்தது. அந்தப் புத்தகத்தின் பின்னிணைப்பில் உங்கள் மேனேஜரின் குறிப்பேட்டைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். நீ அதுவரை போயிருக்க மாட்டாய். 'புலவர்' என்று கேலி செய்வீர்களே, செத்தாலும் ரூம் என்று சொல்லமாட்டார், டிரம்ஸை முரசு என்பார், அவர்தான். ஒலிப்பதிவுக்கு முந்தைய நாள் அவர் கையெழுத்தில் இருப்பது இது: 'வழக்கமான பத்து மணி. இடம் மட்டும் மாற்றம், ஏழறை. முரசு வீட்டில் தமக்கையாரிடம் தெரிவித்தாயிற்று.'

ஏழறை. வல்லின ற. ஏழாம் அறை என்று அர்த்தம்.

தமக்கையார் நான்தான். போனை எடுத்தவள் நான். "நாளை, ஏழறை, தெரிவித்துவிடுங்கள்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். நான் காலண்டர் தாளின் பின்புறம் 'நாளை ஏழரை' என்று எழுதி உன் சட்டைப் பையில் வைத்தேன். திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. ஒன்பதே முக்காலுக்கு நீ படியிறங்கினாய். பத்து மணிக்கு அவர்கள் அதே கட்டடத்தில் ஏழாம் அறையில் உன்னைத் தேடினார்கள். அன்று மாலை புலவர் மூன்று முறை போன் செய்தார். "நான் இல்லேன்னு சொல்லு" என்றாய். அப்படியே சொன்னேன்.

யாரும் உன்னைக் கழற்றிவிடவில்லை. ஏழரையைக் கூட்டியவள் நான். ஊரார் எழுத்திலெல்லாம் பிழை பார்த்துப் பெயர் வாங்கியவள்.

இதை மதிப்புரையில் எழுதப் போகிறேன், உன் அக்கா என்று சொல்லியே. வாயை மூடிக்கொண்டு குண்டை வாங்கியிருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய். என்னால் முடியவில்லை. நீ அன்றைக்கு வந்தாய் என்பதைச் சொல்ல ஒரு சதி தேவையில்லை. அது அச்சில் வரும்வரை நான் விடப் போவதில்லை.

மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

அக்கா

மே 30

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஏன் என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை.

ஒல்லிப் புத்தகம் பன்னிரண்டு கிளைகளுக்கும் போய்விட்டது. மதிப்புரையை இத்துடன் வைத்திருக்கிறேன். குடும்ப விஷயம், அந்தப் பத்தியை எடுத்துவிடலாமே என்று குழுவில் இரண்டு பேர் சொன்னார்கள். முடியாது என்றேன். நூலாசிரியருக்கும் எழுதினேன். நீ சம்மதித்தால் அடுத்த பதிப்பில் திருத்துகிறேன் என்கிறார். அவர் முகவரியும் போன் நம்பரும் பின்பக்கத்தில்.

என் கடிதங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதானால் தள்ளு. நான் எழுதுவதை நிறுத்தமாட்டேன்.

அக்கா

ஜூன் 21

அக்காவுக்கு,

முதல் பத்து நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். பிரேக் பிரிவில் என் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. வீட்டுக்காரி உன் பக்கம் பேச வந்தாள், அவளுக்கும் கிடைத்தது.

அப்புறம் கிடார்காரன் ஞாபகம் வந்தது. அவன் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்காமலே கிழித்தேன். அவன் அப்பா இறந்தபோது, இரண்டு தெரு தள்ளி இருந்தும் போகவில்லை. அந்த மனிதர் எனக்கு எத்தனை நாள் சோறு போட்டிருக்கிறார் என்று உனக்குத் தெரியும். எல்லாம் அந்தச் சதியின் பேரில் செய்தேன். சதியே இல்லையென்றால் அதையெல்லாம் செய்தது யார்? உன் மேல் கோபப்பட ஆரம்பித்தால் பாதி வழியில் என் மேலேயே வந்து நிற்கிறது.

மகளிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து முற்றத்தில் போய் நின்றேன். படித்துவிட்டு வந்து, "ரெண்டே கால் மணி நேரம் நின்னது நெஜம்தானேப்பா" என்றாள். ஆமாம் என்றேன். "அத்தைக்கு எழுதுங்க" என்றாள். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் ஆயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஆசிரியரிடம் நம்பர் வாங்கி கிடார்காரனுக்குப் போன் செய்தேன். யார் பேசுவது என்று சொன்னேன். "ஏன்டா அன்னிக்கு வரல?" என்றான். உலகம் பூராவும் சுற்றி வந்தவன், முதலில் கேட்டது அதைத்தான்.

"வந்தேன்டா" என்றேன். அழுதேன், அக்கா. அவனும் அழுதான்.

ஆசிரியரைத் திருத்தச் சொல். உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அடுத்த மாதம் எட்டாம் தேதி அவன் என் வீட்டுக்கு வருகிறான். நீயும் வா. அன்றைக்குப் போனில் என்ன கேட்டாய், என்ன எழுதினாய் என்று அவனிடம் நீதான் உன் வாயால் சொல்ல வேண்டும். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

தம்பி