முக்காடிட்டவன் பொருட்டு உப்பங்கரைக்கு விடுத்த ஓலை

வேங்கை பூக்கும் மலையும் விளைச்சல் குன்றாத வயலும் உடைய நம் நாடு வாழ்க. நாவல்மாநகர் அரியணையில் வீற்றிருந்து வேங்கைநாட்டை ஆளும் யாழ்மொழி நங்கையாகிய நாம், உப்பங்கரை மண்டலத்தின் அதிபதியும், கலங்கரைக் காவலரும், நம் உடன்பிறந்த இளவலுமான கதிரவேளுக்கு விடுக்கும் ஓலை இது. உம் துறைமுகத்தில் மரக்கலங்கள் குறையாதிருக்கட்டும். உம் உப்பளங்களில் பருவம் தப்பிய மழை பெய்யாதிருக்கட்டும். உம் இல்லத்தார் அனைவரும் நோயின்றி வாழட்டும். வழக்கமாக இதைவிட நீளமாக வாழ்த்துவோம் என்பதை நீர் அறிவீர். இன்று அதற்குப் பொறுமை இல்லை.

குயில் மண்டபத்தின் கதைத்தலைவர் மாநாகனாரை நீர் பல்லக்கு அனுப்பி அழைத்துக்கொண்டு போனீர். அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் அதற்கான காரணங்கள்.

இந்த ஓலை உம் அவையில் உரக்க வாசிக்கப்படும் என்பதால், உப்பங்கரைப் பெரியோர்க்கும் விளங்கும்படி இவ்வூர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். நாவல்மாநகரில் நண்பகல் முரசு ஒலித்ததும் தறியும் செக்கும் கடையும் நிற்கும். உண்டு முடித்தவர்கள் தொடர்கூத்துப் பார்க்கப் புறப்படுவார்கள். குயில் மண்டபத்தில் ஒரு கதை, மயில் மண்டபத்தில் ஒரு கதை. இரண்டும் ஆண்டுக்கணக்காக அன்றாடம் வளர்ந்துகொண்டே போகின்றன. உள்ளே நுழைகிறவர் ஒவ்வொருவரும் வாசலில் உள்ள தாழியில் ஒரு புளியங்கொட்டையைப் போடுவார். வெள்ளிதோறும், பௌர்ணமிதோறும் சந்தைத் திடலில் அளவுக்காரர் இரு தாழிகளையும் கவிழ்த்து, மரக்காலால் ஊரறிய அளப்பார். அரியணைக்கும் அந்தத் தாழியில் ஒரு கொட்டைக்கு மேல் உரிமை இல்லை. நாமும் நம் கையால் ஒன்றே ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம். அளவில் தொடர்ந்து தாழ்ந்துபோன மண்டபத்தைப் பௌர்ணமியன்று பூட்டி, கூத்தர் குழுவைக் கலைத்துவிடுவது முன்னோர் வைத்த முறை. அதை மாற்ற நமக்கும் அதிகாரம் இல்லை.

இப்போது குயில் மண்டபம் அந்த விளிம்பில் நிற்கிறது. வரும் பௌர்ணமி அளவையிலும் தாழ்ந்தால் அதற்குப் பூட்டு விழும்.

எப்படி இந்த நிலை வந்தது என்பதைக் கேளும். மயில் மண்டபத்தின் கதைத்தலைவர் அழிசி, ஒரு காலத்தில் மாநாகனாரிடம் துணை எழுத்தராக இருந்தவர். குருவை மிஞ்ச வேண்டும் என்ற வெறியில் அவர் தம் கதையில் ஒரு திருமணம் வைத்து, மணமகனை மெய்யான யானை மேல் ஏற்றி அரங்குக்குள்ளேயே கொண்டுவந்தார். நகரம் மயில் மண்டபத்துக்கு ஓடியது. அந்த யானைக்கு மறுமொழியாக மாநாகனார் குயில் மண்டபத்தில் ஒரு முக்காட்டுக்காரனை நிறுத்தினார். உப்பு வணிகரின் கைம்பெண் சேந்தி, கணவனைக் கொன்றாள் என்ற பழியோடு அவையில் நிற்கிறாள். கொலையைக் கண்ணால் கண்டவன் என்று ஒருவன் தலையோடு முகம் மூடி வருகிறான். அவன் குரலைக் கேட்டுச் சேந்தி நடுங்குகிறாள். நீயா என்று கேட்டபடி முக்காட்டை விலக்கக் கை நீட்டுகிறாள். திரை விழுந்தது.

அன்று கூட்டம் எழுப்பிய கூச்சலில் கூரைப் புறாக்கள் பறந்துபோய், திரும்பி வந்து அமர நெடுநேரம் ஆயிற்று. நாமும் எழுந்து நின்று கத்தினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அன்று மாலையே உம் பல்லக்கு வந்தது.

மறுநாள் முதல் ஊர் ஊராக இல்லை. துணை எழுத்தர்கள் ஆளுக்கொரு விதமாகக் கதையைத் தொடர முயன்றார்கள். முதலாமவர் முக்காட்டை விலக்கி, இறந்த கணவனையே உயிரோடு நிறுத்தினார். உடனே மீன் விற்கும் பெண்ணொருத்தி எழுந்து, அவன் சிதைக்குத் தான் இதே இடத்தில் அமர்ந்து அழுத கண்ணீரை யார் திருப்பித் தரப்போகிறார்கள் என்று கேட்டாள். விலக்கிய முக்காடு மறுபடியும் மூடப்பட்டது. அடுத்தவர் அவனைக் கணவனின் இரட்டைப் பிறவி என்றார். அப்படியானால் பெற்றவளுக்கு இவ்வளவு நாளும் ஞாபகம் வரவில்லையா, இல்லை எழுதினவருக்கு இன்றுதான் வந்ததா என்று பின்வரிசையில் சிரித்தார்கள். மூன்றாமவர் எல்லாமே சேந்தி கண்ட கனவு என்று முடித்தார். அன்று யாரும் கத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. பேசாமல் எழுந்து வெளியே போனவர்கள், போகிற வழியில் தாழிக்குள் கைவிட்டுத் தாங்கள் போட்ட கொட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். போட்ட கொட்டையைத் திரும்ப எடுக்கும் வழக்கத்தை இந்நகரம் அதற்குமுன் கண்டதில்லை. அளவுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் நம்மைப் பார்த்தார். நாம் தரையைப் பார்த்தோம்.

ஊருக்குள் எங்கும் இதே பேச்சு. செக்கடியில் இருவர் முக்காட்டுக்காரன் யார் என்று வாதிட்டுக் கைகலந்தார்கள். நம் அறங்கூறு அவைக்குச் சாட்சி சொல்ல வந்த ஒருவரைப் பார்த்து, முதலில் முக்காட்டை எடு என்று கூடியிருந்தோர் கத்தினார்கள். அவருக்குப் பல்வலி, தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். சேந்தியாக ஆடும் பெண் நம்மிடம் வந்து, எத்தனை நாள்தான் கையை நீட்டிக்கொண்டே நிற்பது தேவி, வீட்டில் சோறு பரிமாறும்போதும் கை தானாக மேலே போகிறது, என் வீட்டுக்காரர் பயந்து இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார் என்று முறையிட்டாள். நமக்கும் நிலைகொள்ளவில்லை. இந்த ஓலையை எழுதச் சொல்லிக்கொண்டே நடந்துகொண்டிருக்கிறோம். ஓலை எழுதுபவரும் குயில் மண்டபத்துக்காரரே ஆதலால், சில எழுத்துகள் ஆழமாகக் கீறியிருந்தால் பொறுத்துக்கொள்க.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அழிசியே நம்மைத் தேடி வந்தார். தலைப்பாகை இல்லை, முகம் வாடியிருந்தது. அவர் தாழியோ நிரம்பி வழிகிறது. என் யானைக்கு மாநாகனார் ஒரு முழத் துணியால் மறுமொழி சொன்னார், தேவி. இப்போது நான் எதைக் கொண்டுவந்தாலும் எதிரில் மறுமொழி இல்லை. மக்கள் என் கூத்தைப் பார்க்க வரவில்லை, வெயிலுக்கு ஒதுங்க வருகிறார்கள் என்றார். குயில் மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவர ஆள் அனுப்பி, அதைக் கேட்ட பிறகுதான் அன்றாடம் எழுத்தாணியை எடுப்பாராம். இப்போது போன ஆள் வெறுங்கையோடு திரும்புகிறான், எனக்கும் எழுத்து வரவில்லை, எப்பாடு பட்டேனும் அந்தக் கிழவரைக் கொண்டுவாருங்கள் என்று வேண்டினார்.

இது குறித்து முன்பே நாம் விடுத்த ஓலைக்கு, கலைஞருக்கு எல்லைக் கல் இல்லை, அவர் விரும்பியே வந்தார் என்று நீர் எழுதினீர். விரும்பி வந்தார் என்பது மெய். எதை விட்டு ஓடி வந்தார் என்பதுதான் உமக்குத் தெரியாது.

குயில் மண்டபத்துத் துணை எழுத்தர்களில் இளையவள் பொற்றொடி. அவள் மேற்சொன்ன மூன்று பிழைகளிலும் பங்கு கொள்ளாதவள். நாம் வற்புறுத்திய பின்பே வாய் திறந்தாள். திரை விழுந்ததும் மாநாகனாரிடம் போய், ஐயா, அவன் யார் என்று கேட்டிருக்கிறாள். நாளை சொல்கிறேன் என்று ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவன் யார் என்று நீ நினைக்கிறாய் என்று அவளையே கேட்டாராம். அவள் சொன்னதைக் கேட்டு, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்றாராம். முக்காடிட்டு நின்ற நடிகரை அழைத்து விசாரித்தோம். கிழவனாக நிற்பதா இளைஞனாக நிற்பதா என்று தாம் கேட்டதற்கு, இரண்டும் வேண்டாம், நடுவாக நில் என்று மாநாகனார் சொன்னதாகத் தெரிவித்தார்.

விளங்குகிறதா? அந்த முக்காட்டுக்குள் யார் என்பது மாநாகனாருக்கே தெரியாது. யானையை வெல்ல வேண்டும் என்ற அவசரத்தில், மறுமொழி இல்லாத கேள்வியை ஊர் நடுவே நிறுத்திவிட்டார். தினமும் கதை வளர்ப்பவருக்கு மட்டுமே வரக்கூடிய தவறு இது. நாளை என்று ஒன்று இருக்கும்வரை அது தவறாகத் தெரிவதில்லை. அந்த நாளைக்கு அஞ்சி நின்றவர் முன்னால்தான் உம் பல்லக்கு வந்து இறங்கியது.

உணவு வேளைதோறும் அவருக்குத் தேனும் பலாவும் பரிமாறி, எனக்கு மட்டும் சொல்லுங்கள், அவன் யார் என்று நீர் கேட்பதாகவும், அவர் புன்னகைத்துப் பாக்கைக் கடித்துக்கொள்வதாகவும் நமக்குச் செய்தி உண்டு. அந்தப் புன்னகையை ரகசியம் என்று எண்ணி ஏமாறாதீர். அது வெறும் பாக்கு.

ஆகவே, அவர் மறுமொழியோடு வர வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வெறுங்கையோடு வரட்டும். தெரியாது என்பது நமக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லும். தண்டனை இல்லை, ஏளனம் இல்லை. இங்கே பொற்றொடி இருக்கிறாள், சண்டைக்கு அழிசி இருக்கிறார், காது கொடுத்தால் தெருவெங்கும் மறுமொழிகள் கிடக்கின்றன. அந்த இரைச்சலுக்கு நடுவில் அமர்ந்தால் அவருக்கு எழுத்து வரும்.

அவர் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அறிந்துகொள்ளும். பொற்றொடி அன்று அவரிடம் சொன்ன மறுமொழியை நாமும் கேட்டோம். முக்காட்டுக்குள் இருப்பவன் சேந்தியின் தம்பி. அக்காள் வீட்டு விளக்கை இரவல் என்று வாங்கிப்போய்த் தன் வீட்டில் ஏற்றிக்கொண்டு, அவள் இருட்டில் இருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தவன். நேற்று அரண்மனைத் தோட்டத்தில் ஒத்திகை வைத்தார்கள். நடிகர் மேலாடையை நொடிக்கொரு தரம் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு நடந்து வந்தார். முக்காட்டை எடுக்கும் முன்பே நம் சமையற்கட்டுப் பெண்கள் உம் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டார்கள். கூட இருந்த அழிசியும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பௌர்ணமிக்குத் தம் தாழி என்ன ஆகுமோ என்று முணுமுணுத்தபடி, விடைபெறவும் மறந்து எழுதப் போய்விட்டார். அவர் அப்படி ஓடியதைக் கண்டபோதே குயில் மண்டபத்துக்குப் பூட்டு விழாது என்று நமக்குத் தெரிந்துவிட்டது.

இந்த ஒரு வரியை மட்டும் அரசியாக அன்றி அக்காளாக எழுதச் சொல்கிறேன்: தம்பி, அந்த ஒத்திகை அவ்வளவு நன்றாக இருந்தது, மாநாகனார் கொஞ்சம் தாமதமாகவே வரட்டும் என்று என் மனத்தில் ஒரு மூலை விரும்பத் தொடங்கிவிட்டது, ஆகையால் நீ அவரை விரைந்து அனுப்பு.

இவ்வோலை கண்டதும், உண்ணும் இலையில் அமர்ந்திருந்தாலும் எழுந்து, மாநாகனாரை அதே பல்லக்கில் ஏற்றி, பௌர்ணமி அளவைக்கு முன் நாவல்மாநகர் வாசலில் சேர்ப்பிக்க வேண்டும். வேங்கை இலச்சினை நம் கையால் ஒற்றினோம். கதையின் தலைமை அவர் வந்தால் அவருக்கு, வராவிட்டால் பொற்றொடிக்கு. அப்போது முக்காடு உமக்கு. இது நம் ஆணை.