உங்கள் வம்சாவளியில் இல்லாதவர்கள்

அண்ணை,

"உந்த வெள்ளைக்காரச் சனத்திலை ஆரை ஆர் கட்டினது எண்டு தேடித் திரியிறியே, உனக்கென்னடி பிள்ளை விசரே?" அஜக்ஸ் நகரில் உள்ள உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நண்டுக் காலைக் கடித்தபடி நீங்கள் என்னைக் கேட்ட கேள்வி இது. மச்சாள் குழம்புச் சட்டியை நீட்டினார். பேச்சு மாறிப்போனது.

இப்போது, நீங்கள் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவு மலர் என் முன்னால் கிடக்கிறது. அச்சு மையின் வாசம் இன்னும் போகவில்லை. அதைத் திறந்தபோது அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது. பதிலை இன்றைக்கு எழுதுகிறேன். நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறிய பிறகு, வோபர்னில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள நூலகத்தில், குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களுக்கு நான் உதவுவது உங்களுக்குத் தெரியும். இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் அந்தக் காலத்தில் ஒவ்வொரு கவுண்டிக்கும், நமக்கு மாவட்டம் மாதிரி, ஒரு கலியாணப் பதிவேடு இருந்தது. கலியாணம் செய்துவைத்த பாதிரியார் விவரம் அனுப்ப, கந்தோரில் அதைப் பெரிய ஏட்டில் எழுதி வைப்பார்கள். மாப்பிள்ளையின் பெயர், வயது, ஊர், தாய் தகப்பன், பெண்ணுக்கும் அப்படியே, பிறகு சாட்சிகள். வருகிறவர்களுக்கு வகுப்பில் சொல்வதுபோலத்தான் சொல்லிக் கொடுப்பேன். பெயரின் எழுத்தை அப்படியே நம்பாதீர்கள், காதில் விழுந்ததைத்தான் எழுதியிருப்பார்கள். வயதையும் நம்பாதீர்கள், இரண்டு வயதைக் குறைத்துச் சொல்ல யாருக்குத்தான் ஆசையில்லை? சாட்சிகளைப் பாருங்கள். அன்றைக்கு அந்தப் பெண்ணின் பக்கத்தில் யார் வந்து நின்றார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.

ஒரு பெரியவர் வந்தார். தன் கொள்ளுப்பாட்டி ஓர் அநாதை, அவளுக்கு யாருமே இல்லை என்று வீட்டில் சொல்லி வளர்த்தார்களாம். கணினியில் பதிவைக் கண்டுபிடித்தோம். அநாதைக்குத் தாயும் தகப்பனும் பக்கத்து ஊரிலேயே இருந்தார்கள். அவள் கட்டியது கத்தோலிக்கப் பையனை. அவள் வேதம் வேறு. சாட்சியாக நின்றவளுக்கும் அவளுடைய குடும்பப் பெயர்தான். வீடு வீடாக ஆள் எண்ணி எழுதிய பழைய குடிசன மதிப்பில் பார்த்தால், அதே வீட்டில் வளர்ந்த தங்கை. பெரியவர் திரையில் இருந்த அந்தத் தங்கையின் பெயரைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். அநாதையாகப் பிறக்கவில்லை, அநாதையாக்கி இருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

இந்தக் கதையைத்தான் உங்கள் மேசையில் சொன்னேன். உங்களுக்கும் விளங்கியது. அதனால்தான் எனக்கு விசரா என்று கேட்டீர்கள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில், உங்கள் ஒற்றை அறை வீட்டில் என்னையும் தங்கச்சியையும் வைத்துப் பார்த்தீர்கள். அதை நான் மறைக்கவில்லை. தங்கச்சி தன்னோடு ரெஸ்ரோறண்டில் வேலை செய்தவரைக் கட்டப்போவதாகச் சொன்ன நாளையும் மறைக்க மாட்டேன்.

"அவன் எங்கடை ஆக்கள் இல்லை" என்றீர்கள்.

"ரெண்டு பேரும் ஒரு தொட்டித் தண்ணியிலைதான் அண்ணை கோப்பை கழுவுறம்" என்றாள் அவள்.

"அப்ப போய்க் கழுவு. எனக்கு இனி ஒரு தங்கச்சிதான்."

நகர மண்டபத்தில் கலியாணம் நடந்தபோது நீங்கள் வீட்டில் ரீவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சாட்சிகள் இரண்டு பேர்: மாப்பிள்ளையோடு வேலை செய்த ஒருவர், மற்றது நான். என்னை மன்னித்தீர்கள். "படிச்சவள், பாவம் பாத்திட்டாள்" என்று எல்லோருக்கும் சொன்னீர்கள். நான் மன்னிப்பே கேட்கவில்லை, அண்ணை. அவளை நீங்கள் உங்கள் பிள்ளைகளின் கலியாணத்துக்கு அழைக்கவில்லை. அவள் புருஷன் செத்தபோது, உடலை வைத்திருந்த மலர்ச்சாலைப் பக்கமும் போகவில்லை.

உங்களைப் பெட்டியில் வைத்திருந்தபோது அவள் வந்தாள். கடைசி வரிசையில் இருந்தாள். என் கையைப் பிடித்துக் கேட்டாள்: "அக்கா, நினைவு மலரிலை என்ரை பேரையும் போடச் சொல்லியிருப்பாரோ அண்ணை? போற நேரம் மனம் மாறியிருக்கும், என்ன?"

அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. வம்சாவளிப் பக்கத்தைத் தன் பிள்ளைகளுக்குக் காட்டி, 'இதுதான் நான், இது என்ரை அண்ணை' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அச்சுக்குப் போக முன்னம் மச்சாள் அந்தப் பக்கத்தை என்னிடம் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் படுத்தபடி நீங்களே கீறிக் கொடுத்ததாம். அப்பா அம்மாவுக்குக் கீழே இரண்டு கோடுகள். ஒன்றில் நீங்கள். மற்றதில் நான், 'இளைப்பாறிய ஆசிரியை' என்ற பெருமையோடு.

"தங்கச்சியைக் காணேல்லை மச்சாள்."

"அவளின்ரை பேர் வரப்படாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

"அப்ப என்னையும் எடுங்கோ."

"உங்களுக்கென்ன, சனம் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். எடுங்கோ."

மச்சாள் அழுதார். சத்தியத்தை மீற அவருக்கு மனம் வரவில்லை. என்னை எடுத்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் எல்லோருக்கும் மலர் கொடுத்தார்கள். அப்பா அம்மாவுக்குக் கீழே ஒரே ஒரு கோடு, அதன் நுனியில் நீங்கள். தங்கச்சி அந்தக் கோட்டில் விரலை வைத்து உங்கள் பெயர் வரைக்கும் இழுத்தாள். பிறகு என் காதுக்குள் சொன்னாள்: "பாருங்கோ அக்கா, அண்ணை ஒத்தைப் பிள்ளையாப் போனார். பாவம், கூடப்பிறந்ததுகள் இல்லாத மனுசன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சனம் திரும்பிப் பார்த்தது. அந்தச் சிரிப்பு ஓய்ந்த பிறகுதான் அவள் மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "எண்டாலும் என்ரை பேரும் வந்திருக்கலாம்" என்றாள்.

இதற்குத்தான் உங்களை மன்னிக்க என்னால் முடியவில்லை. செத்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேசவேண்டும் என்பார்கள். உயிரோடு இருக்கிறவளை இல்லையென்று எழுதிவிட்டுப் போனவருக்கு அந்தச் சலுகையை நான் தரமாட்டேன்.

நான் வைத்திருப்பது இந்தக் கோபத்தையும் ஒரு நம்பிக்கையையும்தான். என்றோ ஒருநாள் உங்கள் பேரப்பிள்ளையின் பிள்ளை ஒரு நூலகத்தில் வந்து உட்காரும். 'அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை' என்று உங்கள் மலரைக் காட்டும். என்னைப்போல யாரோ ஒருவர் பொறுமையாக இந்த நகரத்துக் கலியாணப் பதிவைத் திறப்பார். பெண்ணின் தகப்பன் என்ற இடத்தில் நம் அப்பாவின் பெயர் இருக்கும். கீழே சாட்சியாக என் பெயர். நீங்கள் சத்தியம் வாங்கிய ஆட்களில் அந்தப் பதிவாளர் இல்லை, அண்ணை.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் உள்ள ஒரு கலியாணப் பத்திரத்தை எடுத்து, சாட்சிக் கையெழுத்து வைத்தவர்களின் பெயர்கள் உங்கள் வம்சாவளியில் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள்.