உப்பண்ணன் வருகிறார்

முகாம்,
திங்கட்கிழமை.

அன்பும் வம்பும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்குக் கை கால் எல்லாம் பத்திரம். அதை எழுதவே கூசுகிறது, ஏனென்று பின்னால் சொல்கிறேன். அம்மாவின் முட்டிவலி தேவலையா? அப்பா இன்னும் வானொலிச் செய்தியோடு சண்டை போடுகிறாரா? இங்கே சண்டை இல்லாத நாளெல்லாம் ஒரே போர். இதைச் சொன்னதற்குக் கூடாரத்தில் என்மேல் பூட்ஸ் பறந்தது. நீ கடிதத்தைக் கசக்காமல் மேலே படி.

இந்த வாரம் ஒருவர் நம் வீட்டுக்கு வருகிறார். எங்கள் சமையல்காரர். எதிலும் ஒரு கை உப்பு அதிகம் என்பதால் உப்பண்ணன் என்று பெயர் வைத்தது நான்தான். கோபிக்கவே மாட்டார். "உனக்கு வாய் நீளம்டா, அதுக்கும் சேத்துத்தான் போடுறேன்" என்று இன்னொரு கரண்டி வைப்பார்.

அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஊருக்கு அனுப்புகிறார்கள். வழியில் நம் வீட்டில் ஒரு நாள் தங்கச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஒருநாள் தண்ணீர் லாரியில் போக வேண்டியவன் நான். வெயிலில் பீப்பாய் உருட்டச் சோம்பல். பள்ளிக்கூட வித்தையைத்தான் எடுத்தேன்: சூடாக அவித்த உருளைக்கிழங்கு, அக்குள், தெர்மாமீட்டர். கணக்குப் பரீட்சையன்று அம்மா என்னைக் கையும் கிழங்குமாகப் பிடித்தாளே, அதேதான். பசிக்கிறது என்று உப்பண்ணனிடம்தான் கேட்டேன். பானையில் துழாவி, இருப்பதிலேயே பெரியதாக எடுத்துத் தந்தார். மருந்துக்காரர் நூற்றிரண்டு டிகிரி என்றதும், "சின்னப் பையன், படுக்கட்டும். நான் போயிட்டு வரேன்" என்று லாரியில் ஏறியதும் அவர்தான். பாலத்துக்குப் பக்கத்தில் கண்ணிவெடி.

சத்தம் கேட்டபோது நான் போர்வைக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனைக்குப் போனதே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான். கண் விழித்தவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் விட்டுச்சாடா?" என்றார். விட்டுடுச்சுண்ணே என்றேன். அதன்பின் எத்தனையோ முறை போய்விட்டேன். வாயைத் திறந்தால் ஜோக்குதான் வருகிறது. தையல் இழுக்க இழுக்கச் சிரித்துவிட்டு, "நீ வந்தாத்தான்டா எனக்குப் பொழுதே போகுது" என்கிறார்.

அந்தக் காய்ச்சலைப் பற்றி அவர் உங்களிடமும் சொல்வார். சொன்ன உடனே அம்மாவுக்குப் புரிந்துவிடும். தயவுசெய்து யாரும் முந்திக்கொள்ளாதீர்கள். தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே, அக்கா. அதை அவர் என் வாயால்தான் கேட்க வேண்டும். அடுத்த வாரம் விடுப்புத் தருவதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். அதுவரை எப்படியாவது அவரை நம் வீட்டிலேயே பிடித்து வையுங்கள். மாடிப்படி ஏற முடியாது, என் கட்டிலை முன்னறையில் இறக்கிப் போடச் சொல். ராத்திரியில் இல்லாத கால் அரிக்கிறது என்பார். அப்பா கொஞ்சம் பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்தால் தூங்கிவிடுவார்.

அவர் என்னைத் தங்கமான பையன் என்று சொல்வார். இல்லை என்று சொல்லிவிடாதே. ஆமாம் என்றும் சொல்லிவிடாதே.

உன் அடி வாங்கக் காத்திருக்கும்,
தம்பி.