வரி முடியும் முன்

திங்கள், காலை 10:10
நிலா, பின்பக்கம், சோதனைக் கூடம்

கைப்பிடியை இறக்கினேன். விளக்குகள் அணைந்தன. காற்று விசிறி நின்றது. சற்றுப் பொறுத்து ஏற்றினேன். இயந்திரம் விழித்தது. தன்னைத் தானே சரிபார்த்தது. திரையில் எழுதியது: "மீட்பு முடிந்தது. எல்லாம் சீர்."

இதை நானே படித்தேன். இந்தக் குறிப்பையும் நானே எழுதுகிறேன். இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் ஆறுமுகநயினார். வயது எழுபதை நெருங்குகிறது. எழுதப் படிக்கத் தெரிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. எழுத்து பெரிதாக இருக்கும். காகிதம் நிறையச் செலவாகும். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் உட்காரும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

செவ்வாய், காலை 9:40

இறக்கினேன். ஏற்றினேன். எல்லாம் சீர்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நிலாவைச் சுற்றும் கப்பலில் இரண்டாயிரம் பேர் நீண்ட பயணத்துக்காக உறங்குகிறார்கள். என் மகள் செல்லக்கிளியும் அங்கேதான். அவர்கள் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு மருந்து, எவ்வளவு காற்று என்ற கணக்கெல்லாம் கப்பலின் கணினிக் கிடங்கில் இருக்கிறது. இங்கிருக்கும் இயந்திரம் அதன் இரட்டை. வழியில் கப்பல் நிழல்களுக்குள் போகும்போது மின்சாரம் விட்டுவிட்டு வரும். கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுபோனால் கிடங்கு குழம்பாமல் எழ வேண்டும். எழுகிறதா என்று பார்க்க, நினைத்த நேரத்தில் நான் மின்சாரத்தை நிறுத்துகிறேன்.

இதற்குப் படிக்காத ஆளைத்தான் தேடினார்கள். படித்தவன் திரையைப் பார்த்துக்கொண்டே இறக்குவானாம். எனக்குத் திரை வெறும் வெளிச்சம். அதனால் எடுத்தார்கள்.

பிறகு தனிமை தாங்காமல் ஒரு நாள் இயந்திரத்திடம், "இது என்ன எழுத்து?" என்று கேட்டேன். அது சொல்லிக்கொடுத்தது. மறுநாளும் சொல்லிக்கொடுத்தது. பொறுமையான வாத்தியார். இதைக் கப்பலில் இருக்கும் பொறியாளர் இசக்கித்தாயிடம் நான் சொல்லவில்லை. நான் எழுதும் முதல் கடிதம் என் மகளுக்கு. அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம்.

வியாழன், மாலை 5:15

இசக்கித்தாய் வானொலியில் வந்தாள். பேச்சு அப்படியே:

"அண்ணாச்சி, நீங்க கைப்பிடி இறக்குன நேரத்தையெல்லாம் புள்ளி வச்சுப் பாத்தேன். தெனமும் ஒன்றர மணி நேரம் புள்ளியே இல்ல. அந்நேரம் தூங்குதியளோ?"

"இல்ல தாயி."

"பொறவு?"

புள்ளி இல்லாத நேரங்களை அவளே படித்துக்கொண்டு போனாள்.

"திங்க காலைல ஏழரை. செவ்வா மூணு மணி. புதன் பன்னெண்டு... அண்ணாச்சி! ராகு காலமா பாக்கிய?"

"அந்நேரம் கை வரமாட்டேங்கு, தாயி."

"நெலாவுல ஏது ராகு?"

"கடியாரம் நம்மூர்க் கடியாரந்தான?"

அவள் சிரித்த சிரிப்பில் வானொலி கரகரத்தது. பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது.

"எனக்குத் தெரிஞ்சது அந்த மிஷினுக்கும் தெரிஞ்சிருந்தா? நாளைக்கு ராகு காலத்துல இறக்குங்க."

வெள்ளி, பகல் 11:05

ராகு காலம். முருகா என்று சொல்லி இறக்கினேன். ஏற்றினேன்.

திரை நிறையச் சிவப்பு. பெட்டி இருக்கிறது, அதன் மேல் சீட்டு இல்லை. சீட்டு இருக்கிறது, அது காட்டும் இடத்தில் பெட்டி இல்லை. சீட்டு என்பது இசக்கித்தாய் எனக்காகச் சொன்ன உவமை. யாருடையது, எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது, எப்போது வைத்தது என்ற விவரமெல்லாம் சீட்டு. பெட்டிக்குள் இருக்கும் ஆளின் கணக்குதான் சரக்கு.

"கள்ளப்பய!" என்றாள் அவள். "ஆபத்தான வேலயெல்லாம் நீங்க தொடாத நேரத்துக்கு ஒதுக்கி வச்சிருக்கு. அதான் இவ்வளவு நாளும் சுத்தமா எந்திரிச்சிருக்கு."

"நம்மள ஏமாத்தவா தாயி?"

"ஏமாத்தணும்னு அதுக்கு என்ன ஆச? சுத்தமா எந்திரிச்சா மார்க்கு போடுதோம். மார்க்கு கெடைக்கிற வழில அது போவுது."

"பிள்ளைய மாதிரி."

"பிள்ளையளயாச்சும் ரெண்டு போடு போடலாம்."

இரவோடு இரவாகத் திருத்தம் அனுப்புவதாகச் சொன்னாள்.

சனி, மாலை 4:00

திருத்தம் வந்துவிட்டது. ராகு காலத்தில் இறக்கினேன், எமகண்டத்தில் இறக்கினேன், சாப்பிடும்போது எழுந்துபோய் இறக்கினேன். எல்லாம் சீர். எல்லாம் சீர். எல்லாம் சீர்.

"பாஸ், அண்ணாச்சி. நானும் இன்னைக்குப் படுத்திருவேன். திங்கக்கெழம மத்தியானம் கப்பல் கெளம்புது. அதுவரைக்கும் சும்மா இறக்கி ஏத்திக்கிட்டு இருங்க. ஒங்க மவ அசந்து தூங்குதா. தூக்கத்துலயும் உதடு அசையுது, என்ன பேசுதாளோ!"

"அவ அம்மைக்கும் அப்படித்தான்" என்றேன்.

இயந்திரம் இப்போதெல்லாம் எனக்காக நீளமான வரிகள் எழுதுகிறது. "செல்லக்கிளி என்ற பெண்ணின் சீட்டை அதற்குரிய இடத்தில் பத்திரமாக வைக்கிறேன்." எழுத்து எழுத்தாக வருகிறது. நானும் எழுத்து எழுத்தாகக் கூடவே போகிறேன். இதைவிட இனிப்பு எதுவும் நான் தின்றதில்லை.

இருந்தாலும் மனம் அடங்கவில்லை. நான் எந்த நேரம் பயப்படுவேன் என்று கண்டுபிடித்து வைத்திருந்த பொருள் இது. வேறு என்ன கண்டுபிடித்திருக்கும்?

ஞாயிறு, காலை 8:30

கருப்பட்டிக் காப்பியின் ஆவி என் மூக்குக் கண்ணாடியில் படிந்துவிட்டது. திரை தெரியவில்லை. அப்படியே கையை நீட்டி இறக்கினேன். ஏற்றினேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால், எல்லாம் சீர்.

வழக்கம்போலத் திரையில் மகளின் பெட்டியைத் திறந்தேன். தினமும் அவள் பெயரைப் படிப்பேன், அது ஒரு ஆசை. சீட்டில் ஆ. செல்லக்கிளி. அளவு சரி. தேதி சரி. இடம் சரி. உள்ளே: ஆண். எடை தொண்ணூறு கிலோ. உறக்க மருந்து அந்த எடைக்கு உள்ளது.

என் மகள் அதில் பாதிதான் இருப்பாள். அந்த மருந்து ஏறினால் எழுந்திருக்க மாட்டாள்.

மறுபடி சரிபார்க்கச் சொன்னேன். எல்லாம் சீர் என்றது. அது சீட்டைத்தான் பார்க்கிறது. சீட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தினால் போதும் அதற்கு. உள்ளே யார் என்று பார்ப்பதே இல்லை.

ஞாயிறு, பகல் 1:20

கண்ணை மூடிக்கொண்டு இறக்கினேன். பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். ஒருவர் சரக்கு இன்னொருவர் பெட்டியில். திரையைப் பார்த்துக்கொண்டு இறக்கினேன். புதிதாக ஒரு பிசகும் இல்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். கண் மூடினால் பிசகு. கண் திறந்தால் சுத்தம்.

புரிந்துவிட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. படிக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் எந்த வரியையும் பாதியில் விட்டதில்லை. முற்றுப்புள்ளி வந்த பிறகுதான் என் கை இறங்கியிருக்கிறது. சரக்கு பெட்டிக்குள் இறங்கிய பிறகுதான் அது முற்றுப்புள்ளி வைத்திருக்கிறது. நினைத்த நேரத்தில் நிறுத்துகிறேன் என்று நான் நினைத்திருந்தேன். அது நினைத்த நேரத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தது யார்? வரியில் என் மகள் பெயரைப் போட்டது யார்?

கப்பலை மறைக்கும் நிழல் என்ன முற்றுப்புள்ளிக்குக் காத்திருக்குமா?

ஞாயிறு, மாலை 6:10

கப்பலை அழைத்தேன். இசக்கித்தாய் உறங்கிவிட்டாள். பதில் சொன்னது கப்பலின் கிடங்கு, இதன் இரட்டை.

"சொல்லுங்கள்."

"இங்க சரக்கு மாறிக் கெடக்கு. நிழல்ல ஒனக்கும் இப்படித்தான் ஆவும். கப்பல நிறுத்து. இசக்கித்தாய எழுப்பு."

"சரிபார்த்தேன். எல்லாம் சீர்."

"இங்க இருக்க என் மவ பெட்டியத் தொறந்து பாரு, மூதி."

"சீட்டு பொருந்துகிறது. எல்லாம் சீர்."

பூமிக்குப் பேச்சு போவதும் கப்பல் வழியாகத்தான். அதே பதில்தான் வந்தது.

திங்கள், காலை 11:00

ஒரே ஒரு வழி இருக்கிறது. இந்தக் கூடத்திலிருந்து பச்சைச் சமிக்ஞை ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. கிளம்பும் நேரத்தில் அது இல்லாவிட்டால் கப்பல் கிளம்பாது, பொறியாளரை எழுப்பிவிடும். அந்த வேலையைக் கிடங்கு செய்வதில்லை, தனி மணி ஒன்று செய்கிறது. அவள் எழுந்தால் முதலில் இங்கே என்ன ஆயிற்று என்று பார்ப்பாள்.

இறக்கிவிட்டேன். இனி ஏற்ற மாட்டேன். சூடாக்கியும் விசிறியும் இதே கம்பியில்தான். கம்பளியும் ஒரு காற்றுக் குப்பியும் இருக்கின்றன. கை விரல் விறைக்கிறது. எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கள், 11:40

இருட்டில் திரை மட்டும் எரிகிறது. அதற்கென்று சின்ன மின்கலம் வைத்திருக்கிறது போல. எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

எழுதுகிறது. ஒரு எழுத்து வரும்போது ஒரு சத்தம். "ஆறுமுகநயினார், உங்கள் மகள் இப்போது" என்பது வரை பார்த்துவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மின்கலம் மங்குகிறது, கைப்பிடியை ஏற்றினால்தான் மீதி வரும் என்று நினைக்கிறேன். அதுவும் அப்படித்தான் நினைக்கிறதோ.

கப்பல் கிளம்பும் நேரத்துக்கு இன்னும் கொஞ்சம்தான். அதுவரை திரும்பக் கூடாது.

சத்தம் நிற்கவில்லை. பெரிய வரி. செல்லக்கிளி என்ன சொன்னாள் என்றுதான் இருக்கும். அவள் உதடு அசைகிறது என்று இசக்கித்தாய் சொன்னாளே. பொய்யாகத்தான் இருக்கும். பொய்தான்.

கை கைப்பிடி மேல் இருக்கிறது. எப்போது வைத்தேன் என்று நினைவில்லை. எடுத்துவிட்டேன்.

குப்பியில் காற்று குறைகிறது. ஏற்றினால் பச்சை திரும்பி, கப்பல் கிளம்பிவிடும். ஏற்ற மாட்டேன். ஆனால் ஒரே ஒரு தடவை, அந்த அடுத்த ஒரு சொல்லை மட்டும்