முருகேஸ்வரி மூடை, விற்க வேண்டாம்

உ

உப்பூர்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் வினோத்குமாருக்கு, உன் அய்யா மூக்கையா தன் கையாலேயே எழுதுவது. நான் நலம், உன் தம்பி காளிதாஸ் நலம், அவன் வீட்டுக்காரி கோகிலா நலம், மாடும் கன்றும் நலம். கடல் தாண்டி இருக்கிற உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைத்துவிடாதே. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடக்கிற வகுப்புக்குச் சித்திரையிலிருந்து போகிறேன். சொல்லிக் கொடுக்கிற பிள்ளை பெயர் மாஷிதா, தேவிபட்டினத்துக்காரப் பிள்ளை, காலேஜில் படிக்கிறாள். மெதுவாக எழுதுங்கள் தாத்தா, பஸ்ஸா பிடிக்கப் போகிறீர்கள் என்பாள். ஒரு வரி எழுதி முடித்தால் அதைத் தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது, அதனால்தான் நேரம் ஆகிறது. போன மாதம் பஸ் நெற்றியில் ஆர்.எஸ்.மங்கலம் என்று எழுதியிருந்ததை யாரையும் கேட்காமல் நானே படித்து ஏறினேன். பக்கத்தில் நின்ற ஒருத்திக்கு எந்தப் பஸ் என்று நான்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல வேண்டும் என்று வேகமாக நடந்து வாசல்படி ஏறிய பிறகுதான் சொல்வதற்கு உன் அம்மா இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றேன்.

நான் படிக்கப் போனதே அவளால்தான். நீ போன தடவை லீவில் வந்தபோது நம் வீட்டுச் சரக்குக் கணக்குப் பார்க்கிற சாப்ட்வேரையும் ஆன்லைன் கடையையும் ஒன்றாக இணைத்து வைத்துவிட்டுப் போனாய். அதற்கு முன்னால் நடந்த கூத்து உனக்கே தெரியும். காளிதாஸ் மிளகாய் வத்தல் மூடையைப் பரமக்குடி கமிஷன் கடையில் இறக்கிவிட்டு வருவான், அதே மூடையைச் சென்னையில் யாரோ ஆன்லைனில் வாங்கியிருப்பார்கள், கோகிலா போனைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள். நீ இணைத்த பிறகு இங்கே ஒரு பாக்கெட் குறைந்தால் அந்த நொடியே கடையில் குறைந்தது, கடையில் ஒருவர் வாங்கினால் அந்த நொடியே இங்கே இருப்பு இறங்கியது. உன் அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது, ஆனால் துப்பாக்கி மாதிரி இருக்கிற அந்த ஸ்கேனரைப் பிடிக்கப் பழகிவிட்டாள். அம்மா நீ பாக்கெட்டைக் காட்டக் காட்ட எனக்கு இங்கே அனுப்ப வேண்டிய பாக்கெட் நம்பர் குறைவது தெரிகிறது, நீ உட்கார்ந்து கட்டுவதைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது என்று ஒரு நாள் போனில் நீதான் அவளிடம் சொன்னாய். அது போதாதா அவளுக்கு. அன்றிலிருந்து காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும் முதல் வேலையாக ஒரு பாக்கெட்டை எடுத்து அந்த மிஷினில் காட்டி, டிக் என்று சத்தம் வந்ததும், "எந்திரிச்சிட்டேன்னு பிள்ளைக்குச் சொல்லியாச்சு" என்பாள். அதற்குப் பிறகுதான் காப்பி. உனக்கு அங்கே விடிந்திருக்காது என்று கோகிலா சொன்னாலும் கேட்க மாட்டாள், எழுந்ததும் பார்ப்பான் என்பாள்.

மாசி மாதம் அந்தக் காலையில் அவள் களத்தில் காய்கிற வத்தலைக் கிண்டிவிட்டு வருகிறேன் என்று போனவள் அங்கேயே சாய்ந்துவிட்டாள். வெயில் ஏறி நான் போய்ப் பார்த்துத் தூக்குவதற்குள், அங்கே எழுந்ததும் நம்பரைப் பார்த்துவிட்டு கோகிலா போனில் நீ, அம்மா எங்கே, இன்னும் நம்பர் குறையவில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஊரில் யாருக்கும் தெரியுமுன்னே உனக்குத் தெரிந்துவிட்டது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு எழுத்து கோணுகிறது. பாஸ்போர்ட்டை விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தாய், வர முடியவில்லை, காளிதாஸ் போனைத் தூக்கிப் பிடிக்க அதில்தான் அம்மா முகத்தைப் பார்த்தாய். அது உன் குற்றமில்லை என்று அன்றைக்கே சொன்னேன், உன் காதில் விழுந்ததா தெரியவில்லை. வீட்டில் சாவு விழுந்ததும் கதவைச் சாத்தினோம், அடுப்பை அணைத்தோம், ஆன்லைன் கடைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்குத் திறந்து கிடந்தது. அம்மாவைக் கிடத்தியிருக்க, பெண்கள் அழ, ஆர்டர் வந்தால் அடிக்கிற மணி கோகிலா போனில் விடாமல் அடித்தது. நம் பங்காளி செல்லச்சாமி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத மனுசன், எல்லாரும் கேட்கும்படி, "ஆத்தா பொணமா கெடக்கா, மகன் அங்கன இருந்துக்கிட்டு யாவாரம் பாக்குறானாக்கும்" என்று சொன்னான். நீ காளிதாஸ் பிடித்திருந்த போனில் இருந்தாய். கேட்டாய். உன் முகம் அப்படியே நின்றுவிட்டதை நான் பார்த்தேன், பிறகு போன் அணைந்துவிட்டது.

காரியம் முடிகிறவரை போனில் முறைப்படி எல்லாம் விசாரித்தாய். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. சாப்ட்வேரில் ஏதாவது நின்றுபோனால் கோகிலாவுக்கு இரண்டு வார்த்தை அனுப்புகிறாய், சரியாகிவிடுகிறது, அவ்வளவுதான். நான் போன் செய்தால் அடித்து ஓய்கிறது. நான் கோபப்படவில்லை வினோத்து. அந்த மணியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அது அடிக்கும்போதெல்லாம் உன் அம்மா என்ன சொல்வாள் தெரியுமா, யார் வீட்டிலோ குழம்பு வைக்கப் போகிறார்கள் என்பாள். அன்றைக்கு அது அடித்தபோது செல்லச்சாமிக்கு வியாபாரமாகக் கேட்டது, எனக்கு ஊர் ஊராக ஆட்கள் உன் அம்மாவைத் தேடி முருகேஸ்வரி எங்கே முருகேஸ்வரி எங்கே என்று கேட்கிற மாதிரிதான் கேட்டது. கடையை மூடியிருக்க வேண்டும் என்று நீ உன்னையே திட்டிக்கொண்டிருப்பாய். தாய் செத்தவனுக்குக் கடை ஞாபகம் வருமா. செல்லச்சாமி இப்போது தன் வத்தலையும் நம் கடையில்தான் ஏற்றுகிறான், தன் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லி கோகிலாவிடம் சண்டை. அன்றைக்குச் சொன்னது தப்பு என்று அவன் வாயால் வராது, ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெரியவன் எப்ப வாரான் என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறான்.

அவள் இடத்தில் உட்கார வேண்டும் என்றுதான் எழுத்துப் படிக்கப் போனேன், வைகாசியிலிருந்து அங்கே உட்கார்ந்து பாக்கெட் கட்டுகிறேன். காலையில் முதல் பாக்கெட்டை நான்தான் மிஷினில் காட்டுகிறேன். நீ பார்க்கிறாயா இல்லையா என்று தெரியாமலேதான் காட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் கோகிலா குடோனில் சரக்கை எண்ணிப் பார்த்தாள். சாப்ட்வேர் சொல்வதை விட ஒரு மூடை அதிகமாக இருக்கிறது மாமா என்றாள். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வாயில் பச்சைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஒவ்வொரு வருடமும் உனக்கென்று உன் அம்மா ஒன்றொன்றாகப் பொறுக்கி வைப்பாளே, காம்பு உதிராத குண்டு வத்தல், அந்த மூடை. இந்த வருடமும் பொறுக்கிக் கட்டி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அவள் அதை வரவில் சேர்க்க மிஷினில் காட்டவில்லை, அதனால் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாத மூடையை என்றைக்காவது லோடு ஏற்றுகிற ஆள் தெரியாமல் ஏற்றிவிடுவான் என்று காளிதாஸ் சொன்னதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை கோகிலா கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது நானே லேப்டாப்பைத் திறந்து, புதுச் சரக்கு என்று இருந்த இடத்தில், தேடித் தேடி எழுத்தைத் தட்டி, முருகேஸ்வரி மூடை, வினோத்துக்கு, விற்க வேண்டாம் என்று எழுதினேன். இருப்பு ஒன்று என்று போட்டேன். விலைக்கு ஒரு கட்டம் இருந்தது, விற்காத சாமானுக்கு விலை எதற்கு என்று விட்டுவிட்டேன். லேப்டாப்பில் நான் எழுதிய முதல் எழுத்து அதுதான். அவள் பெயரை என் கையால் எழுதிவிட்டேன் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுச் சரக்கு ஏற்றினால் தானாகவே கடையிலும் ஏறும்படி நீ வைத்திருக்கிறாய் என்பது எனக்கு என்ன தெரியும். மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. விலையில்லாத சாமான் என்றால் சும்மா விடுவார்களா. கோகிலா கையில் சாம்பலோடு ஓடிவந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா செஞ்சீங்க, அத்தைய கடையில ஏத்தி விட்டுட்டீங்களே" என்று அழுவதா சிரிப்பதா தெரியாமல் நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டு அவள் உட்காருவதற்குள் அந்த வரி எங்கள் கண்ணெதிரே காணாமல் போய்விட்டது. நான் தொடலையே மாமா என்றாள். காளிதாசுக்குப் போன் போட்டால் அவன் லோடு வண்டியோடு பரமக்குடி ரோட்டில் இருக்கிறான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. போனை வைத்துவிட்டு அவள், "பெரியத்தான்தான் மாமா. இதைத் தொடுறதுக்கு வேற ஆளு இல்ல" என்றாள். அப்போது உன் ஊரில் மணி என்ன என்று கேட்டேன். இன்னும் விடிந்திருக்காது என்றாள்.

வினோத்து, விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்து நீ எந்த நம்பர் குறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? அவள் போய் இத்தனை மாதமாகிவிட்டது. எனக்கு அன்று முழுக்க அதே கவலைதான், ஆனால் உள்ளுக்குள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைக்க மாட்டேன். அழித்தது நீ என்றால் பார்த்ததும் நீ. நான் எழுதியதைப் படித்திருக்கிறாய். இத்தனை நாள் கழித்து நீ எனக்குச் சொன்ன முதல் பதில் என்று அதை வைத்துக்கொண்டேன்.

அந்த மூடையைக் கேட்டவர்களுக்கெல்லாம் கோகிலா போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். ஈரோட்டு அம்மா ஒருத்தர் மட்டும் என்னோடு பேச வேண்டும் என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். "விக்கறதுக்கில்லைன்னு படிச்சுப் போட்டுத்தானுங்க கேட்டேன். எங்கம்மா இருந்திருந்தா எனக்கும் இப்படி ஒரு மூட்டை எடுத்து வெச்சிருப்பாங்கன்னு தோணுச்சுங்க" என்றார். உங்கள் மகன் எப்போது வருகிறார் என்று கேட்டார். வருவான் என்றேன். அவருக்கு அரைக்கிலோ சாதா வத்தல் கட்டி அனுப்பினேன், காசு வாங்க வேண்டாம் என்று கோகிலாவிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி மழை விழுமுன் அந்த மூடையைப் பிரித்து ஒரு வெயில் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கடல் காற்றுக்குப் பூஞ்சை பிடித்துவிடும் என்பது உனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கயிற்றில் இருப்பது உன் அம்மா போட்ட முடிச்சு. கை வைத்துப் பார்த்தேன், அவிழ்க்க மனம் வரவில்லை. நீ வந்து அவிழ்த்தால் நன்றாக இருக்கும். வர முடியாது என்றால் நானே அவிழ்த்துக் காயப்போட்டு, இடித்து, ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன், வருத்தமில்லை. வருத்தமில்லை என்று எழுதியது பொய், அந்த வரியை அடித்துவிட மனமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். போனில் பேச வாய் வரவில்லை என்றால் பேச வேண்டாம். சரக்கைக் கணக்கில் வைத்து, கடையில் மட்டும் தெரியாமல் ஒதுக்கி வைக்க அந்த சாப்ட்வேரிலேயே ஒரு இடம் இருக்கிறதாம், கோகிலா சொன்னாள். நான் செய்துவிடட்டுமா என்று கேட்டாள், தொடாதே என்று சொல்லிவிட்டேன். அதை நீ செய். நீ வருவதாக இருந்தால் அந்த இடத்தில் முருகேஸ்வரி மூடை ஒன்று என்று போட்டு வை. எனக்கு இப்போது படிக்கத் தெரியும், நீ போட்டால் நான் படித்துவிடுவேன். காலையில் முதல் பாக்கெட்டைக் காட்டிவிட்டு அந்த இடத்தைத்தான் பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் காப்பி.

இதைப் போனில் தட்டி அனுப்பியிருக்கலாம், மாஷிதாவும் அதைத்தான் சொன்னாள். போனில் வந்தால் நீ அழித்துவிடுவாய் என்று தாளில் எழுதினேன். உறையின் மேலே விலாசம் மட்டும் அவள் எழுதினாள், உள்ளே ஒரு எழுத்தையும் தொடவிடவில்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு உட்காராதே. விடியும்வரை தூங்கு, நம்பர் எங்கேயும் போகாது, நான் இங்கேதான் இருக்கிறேன். உன் அம்மா எங்கிருந்தாலும் உன் தலைமேல் கை வைத்திருப்பாள், என் கையும் அதோடு இருக்கிறது. நல்லா இரு அய்யா. மூடை வாய் கட்டியபடியே இருக்கிறது, மழை வருமுன் என்பதை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
காலையில் முதல் பாக்கெட்டைக் காட்டுகிற
உன் அய்யா,
க. மூக்கையா