கடைசியில் ஊற்றும் சோடா

டீச்சர்,

இன்று மாலை என் மருமகள் கோலி சோடா ஒன்றைக் கட்டை விரலால் அழுத்தித் திறந்தாள். கோலி உள்ளே விழுந்த சத்தமும், பக்கத்துக் கிண்ணத்திலிருந்து இஞ்சியும் எலுமிச்சையும் கலந்து வந்த வாசனையும் என்னைத் தாம்பரத்தில் உங்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டன. ஒரே பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தும் நாம் ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். இப்போதும் அப்படியே எழுதுகிறேன்.

அது மதுவிலக்கை எடுத்து ஊரெல்லாம் கடைகள் திறந்ததற்கு அடுத்த கோடை. ரயில்வேயில் இருந்த உங்கள் வீட்டுக்காரரை அந்தக் கடைகள் பிடித்துக்கொண்டன. தவக்காலத்துக்காகக் குடியை விட்டவர், ஈஸ்டர் முடிந்தும் தொடவில்லை. மே மாதம் உங்கள் மகள் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்து. கிறிஸ்துமஸுக்குப் போட்ட ஒயினில் மிச்சம் வைத்து, கோடை விருந்தில் சோடாவும் ஐஸும் சேர்த்துக் கொடுப்பது உங்கள் வீட்டு வழக்கம். அந்த வருடம் ஜாடியைக் கருவேப்பிலைச் செடியில் கவிழ்த்துவிட்டு, கறுப்புத் திராட்சையைக் காய்ச்சிச் சாறு வடிகட்டினீர்கள்.

"நிறம் அதேதான் டீச்சர். எல்லார் கையிலயும் ஒரே டம்ளர் இருந்தா, நீ ஏன் குடிக்கலன்னு அவர யாரும் கேக்க மாட்டாங்க" என்றீர்கள்.

நீங்கள் எல்லோரும் பூசைக்குப் போனபோது என்னிடம் எலுமிச்சை மட்டும் பிழிந்து வைக்கச் சொன்னீர்கள். மணி அடிக்குமுன்பே கரும்பலகையை எழுதி நிரப்பிவிடும் கை அல்லவா என்னுடையது. இரண்டு பெட்டி சோடாவையும் உடைத்து, சாறு இருந்த அண்டாவில் ஊற்றி, கரண்டியால் நன்றாகக் கலக்கியும் வைத்தேன். நீங்கள் திரும்பி வந்தபோது அதில் ஒரு குமிழிகூட இல்லை.

உங்கள் வீட்டுக்காரருடைய சிநேகிதர் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார். "இன்னா மச்சான், பசங்களுக்கு ஊத்தற சர்பத்த எங்களுக்கும் ஊத்திக்கினுகீற? வா, ஸ்டேஷனாண்ட ஒரு நடை போய்ட்டு வரலாம்."

உங்கள் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார், சைக்கிளை எடுத்தார், தனியாகப் போய்விட்டார். ஸ்டேஷன் பக்கம்தான் போனார். புதுக் கடையும் அங்கேதான்.

என் அவசரத்தால் ஒரு குடும்பம் கெட்டது என்று நான் சுவரோரம் நின்றேன். நீங்கள் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "ஐஸ் உருகுது பாருங்க டீச்சர், சாக்கப் போத்துங்க" என்றுவிட்டு, எச்சில் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனீர்கள்.

ஒரு மணி நேரம் கழித்து சைக்கிள் மணி கேட்டது. சட்டை முழுக்க வேர்வை. கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய சோடாப் பெட்டி.

"இங்க ரெண்டு சோடாக் கடையும் பூட்டு. குரோம்பேட்டை வரைக்கும் மிதிச்சேன்" என்றார். நான் கரண்டியை எடுத்ததும், "டீச்சர், கரண்டிய அந்தாண்ட வைங்க. நானே ஊத்தறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மிச்சம் வைத்திருந்த திராட்சைச் சாற்றை அரை டம்ளர் வார்த்து, ஐஸ் போட்டு, ஆள் வந்து கை நீட்டிய பிறகே சோடாவை ஊற்றினார். சிநேகிதர் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பிறகும் இரண்டு தடவை அவர் தடுமாறினார். இரண்டு தடவையும் மீண்டார். வெகு நாள் கழித்து உங்களைக் கேட்டேன்: அன்றைக்கு அவர் திரும்பி வருவார் என்று நம்பினீர்களா?

"நம்பல டீச்சர். ஆனா டம்ளரக் கழுவி வச்சேன்."

இன்றைக்கு என் மகன் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. காலையில் நானும் அவனும் கோபமாகப் பேசிக்கொண்டோம். "சோடாவ இப்பவே ஊத்திடட்டுமா அத்தை?" என்று மருமகள் கேட்கிறாள். அவன் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவனுடைய டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன், டீச்சர்.